நெகிழ்வும் தளர்வும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

ஆண்டு விழா என்றால் காவியச் சுவை பேசுவதும், சங்க காலத்து வீரம் பேசுவதும் வழக்கம். இன்று நான் எடுத்துக்கொண்ட பொருளோ ஓர் ஆங்கிலச் சொல். தமிழ்ச் சங்க மேடையில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நம்மிற் பலர் ஆலையிலும் அலுவலகத்திலும் அச்சொல்லை நாள்தோறும் கேட்கின்றனர். சிலர் அச்சொல் எழுதிய கடிதத்தைக் கையில் வாங்கியும் இருப்பர். 'லாக்ஸிடி' என்பது அச்சொல். மேலதிகாரி ஒருவர் தம் கீழ் உள்ளவரிடம் விளக்கம் கேட்கும்போது முதலிற் பயின்று வருவது இதுவே. இதனைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று எண்ணத் தொடங்கினால், நம் மொழியைப் பற்றியும் நம்மைப் பற்றியும் பல உண்மைகள் புலப்படுகின்றன. ஆகவே இதற்குத் தமிழ் மேடையில் இடமுண்டு என்று துணிந்தேன்.

சொல்லின் குடும்பம்

'லாக்ஸஸ்' என்பது இலத்தீன் சொல். கட்டுத் தளர்ந்தது, இறுக்கம் இல்லாதது என்பது அதன் பொருள். அதன் வழிவந்த சொற்கள் ஆங்கிலத்திற் பல. வேலை முடிந்து வீடு திரும்பியவர் 'ரிலாக்ஸ்' செய்கிறேன் என்கிறார், அதுவும் இக்குடும்பமே. சிறையிலிருந்து விடுவித்தலைக் குறிக்கும் 'ரிலீஸ்' என்பதும் இக்குடும்பமே. மருந்துக் கடையில் கேட்கும் 'லாக்ஸடிவ்' என்பதும் அதுவே; நம்மவர் அதற்கு மலமிளக்கி என்று பெயரிட்டனர். இளக்குதல் என்னும் வினை அங்கே எவ்வளவு பொருத்தமாக அமைந்தது பாருங்கள்! இவை போதா என்று, பெங்களூரில் வீடு தேடிய ஒவ்வொருவரும் அறிந்த 'லீஸ்' என்னும் சொல்லும் பிரெஞ்சு மொழி வழியாக இவ்வேரிலிருந்தே வந்தது. வீட்டின்மேல் உள்ள பிடியைச் சிறிது காலம் தளர்த்திப் பிறர் கையில் விடுவதே லீஸ். முன்பணமாகச் சில இலட்சங்களைக் கொடுத்துவிட்டு நிற்பவர்க்கு அங்கே தளர்ந்தது எது என்பதை நான் சொல்ல வேண்டுவதில்லை.

இத்துணைச் சொற்களும் ஒரு வேரிற் பிறந்தவை. எனினும் எல்லாம் இழிபொருள் உடையன அல்ல. இளைப்பாறுதல் நன்று; விடுதலை மிக நன்று. 'லாக்ஸிடி' மட்டும் கடிந்து பேசும் இடத்திலேயே பெரிதும் வழங்குகின்றது. மருத்துவர் மூட்டைப் பிணிக்கும் நார் தளர்ந்திருப்பதை இச்சொல்லாற் குறிப்பர். அது வெறும் உடல் நிலை. ஏனைய இடங்களில் ஒழுக்கத்தின் தளர்ச்சி, மேற்பார்வையின் தளர்ச்சி, விதியைக் கடைப்பிடிப்பதில் தளர்ச்சி ஆகியவற்றையே அது சுட்டும். தளர்ச்சி சில இடங்களில் நன்மையாகவும் சில இடங்களில் தீமையாகவும் இருப்பது ஏன்? இதுவே நாம் முதலில் ஆராய வேண்டிய வினா.

அளந்து வைத்த இடைவெளி

இதற்கு விடை காண ஏடுகளைப் புரட்ட வேண்டுவதில்லை. இங்குள்ள தொழிலாளத் தோழர்களைக் கேட்டாற் போதும். 1940இல் தோன்றிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், 1953இல் தோன்றிய எச்.எம்.டி. இயந்திரத் தொழிற்சாலையும் எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை இந்நகருக்கு ஈர்த்தன. கடைசல் இயந்திரத்தில் நின்றவர்கள் அறிவார்கள்: சுழலும் தண்டுக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி வேண்டும். இடைவெளியே இல்லையேல் எண்ணெய் புகாது. தண்டு சூடேறி இறுகிவிடும். இடைவெளி மிகுந்தாலோ தண்டு ஆடும், ஓசை எழும், பொருள் பழுதாகும். ஆகவே தளர்வு வேண்டும்; அது மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக அளந்து, வரைபடத்தில் எழுதி வைத்த தளர்வாக இருத்தல் வேண்டும்.

அளவில்லாத தளர்வின் கொடுமையைக் கோலார் தங்கவயலிற் பணி செய்த நம் முன்னோர் அறிவர். 2001இல் மூடப்பட்ட அச்சுரங்கங்களுள் சாம்பியன் ரீப் என்பது மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. மனிதரை ஏற்றி இறக்கும் கூண்டு ஓர் எஃகு வடத்தில் தொங்கும். அத்தகைய சுரங்கங்களில் இறங்கும் கூண்டு வழியில் எங்கேனும் சிக்கி நிற்க, மேலே வடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் வடம் தொய்யும். பிறகு கூண்டு திடீரென விடுபட்டால் தொய்ந்த நீளம் முழுதும் விழுந்து வடத்தை ஒரே அடியாக வெட்டி இழுக்கும். வடம் இறுகியிருக்கும்போது அன்று, தொய்ந்திருக்கும்போதே பேராபத்து. 'ஸ்லாக்' என்னும் ஆங்கிலச் சொல் இத்தொய்வைக் குறிப்பது. அதுவும் 'லாக்ஸ்' என்பதும் ஒரே பழைய வேரின் இரு கிளைகள் என்று சொல்லாய்வாளர் கருதுவர்.

பௌத்த நூல்களில் சோணர் என்னும் துறவியின் வரலாறு ஒன்று உண்டு. அளவுக்கு மிஞ்சித் தம்மை வருத்திக்கொண்ட அவருக்குப் புத்தர் பெருமான் வீணை நரம்பை உவமை காட்டினார். மிக முறுக்கினாலும் இசை இல்லை. மிகத் தளர்த்தினாலும் இசை இல்லை என்று உணர்த்தினார். ஆகவே அளவறிந்து தளர்த்துவதை நெகிழ்வு என்போம். அளவு மறந்து தளர்வதைத் தளர்ச்சி என்போம். முன்னது அறிவின் செயல். பின்னது அறிவு உறங்கியதன் அடையாளம்.

தமிழ் வைத்த பெயர்கள்

'லாக்ஸிடி' என்பதற்கு இன்று நம் செய்தித்தாள்கள் வழங்கும் சொற்கள் மூன்று நான்கு. அலட்சியம் என்கிறோம். இலட்சியம் என்பது குறி. எதையும் குறியாகக் கொள்ளாமை அலட்சியம். நம் அண்டை வீட்டுக் கன்னட அன்பர் இதையே 'நிர்லக்ஷ்ய' என்பார். அஜாக்கிரதை என்கிறோம்; அவர் 'அஜாகரூகதெ' என்பார். இரண்டும் விழித்திருத்தலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தவை. ஆகவே கண் திறந்தபடி உறங்குவதே அஜாக்கிரதை. சாலை விபத்து வழக்குகளில் கன்னடத்துக் காவல் நிலையமும் தமிழகத்துக் காவல் நிலையமும் அதிவேகம், அஜாக்கிரதை என்னும் இரண்டு சொற்களையே எழுதுவதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அசட்டை என்றொரு சொல்லும் உண்டு. சட்டை செய்யாமை அது. நாம் உடுத்தும் சட்டைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மெத்தனம் என்பதோ மென்மையின் இனம். மெத்தைக்கு நெருங்கிய உறவு. மெத்தை வீட்டில் இருந்தால் இன்பம். அலுவலகத்தில் இருந்தால் மெத்தனம்!

இவையெல்லாம் வழக்கில் நிலைத்துவிட்ட சொற்களே. இவற்றைப் பழிக்க நான் வரவில்லை. ஆயினும் எல்லாக் குற்றத்துக்கும் 'அலட்சியம்' என்று ஒரே முத்திரை குத்துவதில் ஒரு குறை உண்டு. காய்ச்சல் என்றால் மட்டும் மருத்துவர் மருந்து தருவதில்லை; எந்தக் காய்ச்சல் என்று கேட்பார். அலட்சியம் என்று சொல்லி நிறுத்தினால் எந்த அலட்சியம் என்னும் வினா எஞ்சி நிற்கிறது.

வள்ளுவர் பெருமான் இவ்வினாவுக்கு விடை வகுத்தவர். பொருட்பாலில் மடியின்மை என்று ஓர் அதிகாரம் செய்தார்; மடி என்பது சோம்பல், உடலின் தளர்ச்சி. சொல்வன்மையைக் கூறும்போது ஆக்கமும் கேடும் சொல்லால் வருதலின் சொல்லில் சோர்வு வாராமற் காக்க என்றார். சோர்வு என்பது நாவின் தளர்ச்சி. கெட்டொழியும் இயல்புடையார் விரும்பி ஏறும் மரக்கலங்கள் நான்கு என்று ஓரிடத்தில் எண்ணினார்: காலம் நீட்டித்தல், மறதி, சோம்பல், உறக்கம் என்பன அவை. பேதையின் தொழிலை உரைக்குமிடத்து எதனையும் பேணாமை என்பதையும் அதனுட் சேர்த்தார். இவற்றிற்கெல்லாம் மேலாகப் பொச்சாவாமை என்று தனி அதிகாரம் ஒன்றையே வகுத்தார். இன்று பேச்சு வழக்கில் மறைந்துவிட்ட அச்சொல்லைப் பற்றிச் சிறிது விரிவாகப் பேச விரும்புகிறேன்.

உவகையில் வரும் மறதி

பொச்சாப்பு என்பது வெறும் மறதி அன்று. அழகாலும் செல்வத்தாலும் ஆற்றலாலும் மகிழ்ந்திருப்பவன், அம்மகிழ்ச்சி காரணமாகத் தன்னைக் காப்பதிலும் தன் கடமையிலும் சோர்ந்துவிடுவதே பொச்சாப்பு என்று பரிமேலழகர் விளக்குவார். அளவிறந்த சினத்தினும் உவகை மிகுதியால் வரும் இச்சோர்வு தீது என்பது அவ்வதிகாரத்தின் முதற் கருத்து. சினம் தீது என்பதை யாவரும் அறிவர். மகிழ்ச்சி அதனினும் தீதாகக் கூடுமோ என்று ஐயுறுவார்க்கு இந்நகரின் வரலாறே விடை கூறும்.

1981ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள். பெங்களூரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரத்தில் தீப்பற்றியது. குழந்தைகள் சிரித்து மகிழ வந்த இடம் அது. 92 உயிர்கள் மாண்டன. அவர்களுட் பெரும்பாலோர் குழந்தைகள். 2025ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாளை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் நகரின் கிரிக்கெட் அணி முதன்முறையாகக் கோப்பை வென்ற மறுநாள். சுமார் 35,000 பேர் அமரக்கூடிய சின்னசாமி விளையாட்டரங்கைச் சூழ இலட்சக்கணக்கானோர் திரண்டனர். வாயில்களில் நேர்ந்த நெரிசலில் 11 பேர் உயிரிழந்தனர். ஐம்பதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். குற்றம் யாருடையது என்பதை ஆராய்வது மன்றங்களின் வேலை. அதனுள் நான் புகவில்லை. அன்று இந்நகரில் பகை இல்லை, கலகம் இல்லை, சினம் இல்லை. இருந்தது மகிழ்ச்சி ஒன்றே. எத்தனை பேர் வருவர், எவ்வழி வருவர், எவ்வழி வெளியேறுவர் என்று முன்னரே எண்ணிப் பார்க்கும் பொறுமையை அம்மகிழ்ச்சி விழுங்கிவிட்டது. இதற்கு ஆங்கிலத்தில் 'லாக்ஸிடி' என்று எழுதலாம். நாளிதழில் அலட்சியம் என்று எழுதலாம். ஆயினும் நோயின் வேரைத் தொட்டுச் சொல்லும் பெயர் பொச்சாப்பு என்பதே. வருமுன் காவாதவன் பின்னர்த் தன் பிழையை எண்ணி இரங்குவான் என்பதும் அவ்வதிகாரம் தரும் எச்சரிக்கையே.

கண்ணகி தொடுத்த வழக்கு

நம் இலக்கியத்தில் இப்பொருள் பற்றிய வழக்குகள் இரண்டு உள. திருவாரூரில் மனுநீதிச் சோழன் மைந்தன் தேரூர்ந்து சென்றபோது பசுவின் கன்று ஒன்று தேர்க்காலில் அகப்பட்டு மாண்டது. அரசிளங்குமரன் அக்கன்றைக் கொல்லக் கருதினான் அல்லன். கழுவாய் தேடினாற் போதும் என்று அமைச்சரும் கூறினர். மன்னனோ கன்றை இழந்த பசுவின் துயரைத் தானும் உறுதலே நீதி என்று துணிந்தான். சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் இதனை விரித்துரைப்பார். கருதிச் செய்யாத பிழையும் பிழையே என்று கண்ட வழக்கு அது.

மற்றொன்று மதுரையில் நடந்தது. அரசியின் ஊடலைத் தீர்க்கும் விரைவில் இருந்தான் பாண்டியன். வழியில் வந்து பொற்கொல்லன் ஒரு சொல் சொன்னான். அதனை ஆராயாது அரசன் ஓர் ஆணை சொன்னான். கோவலன் வெட்டுண்டான். பாண்டியன் கொடுங்கோலன் அல்லன். அவனுக்கு அவ்வணிகனிடம் பகையும் இல்லை. ஆராய வேண்டிய ஒரு கணத்தை அவன் ஆராயாது விட்டான், அவ்வளவே. எனினும் அவையில் வந்து நின்ற கண்ணகி முதலில் எடுத்துரைத்த குற்றச்சாட்டு அவன் ஆராயாதவன் என்பதே. தன் ஊரைச் சொல்ல வந்தவள், கன்றுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட சோழனையும் அங்கே நினைவூட்டினாள். ஒரு சோர்வுக்குப் பெருவிலை கொடுத்த மன்னனை, மற்றொரு சோர்வினால் பிழைசெய்த மன்னன் முன் அவள் சான்றாக நிறுத்திய நுட்பம் எண்ணுந்தோறும் வியப்பைத் தருகின்றது. சிலம்பினுள் முத்து இல்லை, மாணிக்கமே உள்ளது என்று கண்டபோது பாண்டியன் தனக்குத்தானே தீர்ப்பு வழங்கி உயிர் நீத்தான்.

சட்டத்தின் தராசு

இக்காலச் சட்டமும் இவ்வேறுபாட்டை நிறுத்துப் பார்க்கின்றது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தலுக்கெனத் தனிப்பிரிவு முதலில் இல்லை. 1870இல்தான் 304-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அதற்கு உச்ச தண்டனை இரண்டு ஆண்டுச் சிறை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 106ஆம் பிரிவு அதன் இடத்தைப் பெற்றது. பொதுவாக உச்ச தண்டனை ஐந்து ஆண்டாக உயர்ந்தது. இச்செயலால் உயிர் போகும் என்று அறிந்தே செய்தவனுக்கு உரியதோ வேறு பிரிவு, வேறு தண்டனை. இரண்டுக்கும் நடுவே நிற்பது ஒரு சொல்லே.

அச்சொல்லின் எடை எவ்வளவு என்பதைப் போபால் காட்டியது. 1984 டிசம்பர் 2ஆம் நாள் இரவு நச்சுக் காற்று கசிந்து ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். 1996இல் உச்ச நீதிமன்றம் குற்றச்சாட்டைக் கவனக்குறைவு என்னும் பிரிவுக்குக் குறைத்தது. 2010 ஜூன் மாதம் தீர்ப்பு வந்தபோது குற்றவாளிகளாகக் காணப்பட்ட அதிகாரிகளுக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டுச் சிறையே. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16ஆம் நாள் பள்ளிச் சமையற்கூடத்துத் தீ கூரை வேய்ந்த வகுப்பறைக்குப் பரவி 94 குழந்தைகளை உண்டது. கீழ்மன்றத் தீர்ப்பு வரப் பத்து ஆண்டு ஆயிற்று. இவற்றை எண்ணும்போது, சொல்லாராய்ச்சி என்பது புலவர்களின் பொழுதுபோக்கு அன்று என்பது தெளிவாகும். அறியாமல் மறந்தானா, அறிந்தும் பேணாதிருந்தானா என்னும் வினாவின் மீதே தாய்மாரின் நீதி தொங்குகின்றது.

நம் குடியிருப்பில்

இனி நம் வாயிலுக்கு வருவோம். பெங்களூர் மண்ணுக்கே உரிய ஒரு தொடர் உண்டு. 'ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி' என்பது அது. கொஞ்சம் அனுசரித்துப் போங்கள் என்பது பொருள். பேருந்தில் இருவர் இருக்கையில் மூவர் அமர்வதும், நம் வீட்டுப் பொங்கலுக்கு அவர்கள் வருவதும், அவர்கள் வீட்டு யுகாதிக்கு நாம் செல்வதும் இத்தொடரின் அருளால் அன்றோ! பல மொழியினர் ஓரிடத்தில் வாழ இந்நெகிழ்வு இன்றியமையாதது. இதனை நான் இந்நகரின் பண்பு என்றே போற்றுகிறேன்.

ஆனால் அதே தொடரை மனிதரிடமிருந்து விதிக்கு மாற்றிவிட்டால் கேடு தொடங்குகிறது. மாடிப்படியின் அடியில் மிதிவண்டியும் எரிவாயு உருளையும் நிற்கட்டும், கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்வோம் என்கிறோம். வாசலில் உள்ள சம்பின் இரும்பு மூடி உடைந்துவிட்டது, இரண்டு நாள் பலகை போட்டு வைப்போம் என்கிறோம். அப்பலகையின் மேல் ஏறி விளையாடும் குழந்தைக்கு அட்ஜஸ்ட் செய்யத் தெரியாது. 2010 பிப்ரவரி 23ஆம் நாள் பழைய விமான நிலையச் சாலையில் உள்ள கார்ல்டன் டவர்ஸ் என்னும் உயர்ந்த கட்டடத்தில் தீப்பற்றியபோது, புகையில் மூச்சுத் திணறியும் உயரத்திலிருந்து குதித்தும் 9 பேர் மாண்டனர். வெளியேறும் வழி என்பது நாள்தோறும் வெறுமையாகக் கிடக்கும் இடம். ஆயினும் அவ்வெறுமை அளந்து வைத்த இடைவெளி. அதில் பெட்டியை அடுக்குவது பேரிங்கில் மணலைக் கொட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே மனிதரிடம் நெகிழ்வோம். காப்பு விதியில் தளரோம். இவ்விரண்டையும் பிரித்தறியக் குழந்தைகளுக்கும் கற்பிப்போம்.

இன்னொரு தளர்ச்சியும் உண்டு. அதையும் இம்மேடையில் சொல்லாமற் போவது கடமையில் தவறுவதாகும். நம் பிள்ளைகள் தமிழ் பேசுகின்றனர். பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாட்டி எழுதி வைத்த கடிதத்தைப் பேரன் படிக்க இயலாத வீடுகள் நம்மிடையே பெருகி வருகின்றன. கன்னடமும் ஆங்கிலமும் அவர்கள் நன்கு கற்க வேண்டும், அதில் ஐயமில்லை. அவற்றுக்கு இடந்தருவது நெகிழ்வு. தமிழ் எழுத்தை அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று ஆண்டுதோறும் தள்ளி வைப்பதோ, வள்ளுவர் எண்ணிய நான்கு மரக்கலங்களுள் முதலாவதாகிய காலநீட்டிப்பு. கலம் அழகாகவே இருக்கும். செல்லும் இடம் மட்டுமே தீது.

முடிவாக

ஆங்கிலத்தில் 'கேர்' என்னும் சொல் பழங்காலத்தில் துயரத்தையும் கவலையையும் குறித்தது. பின்னர்க் கவனத்தையும் அன்பையும் குறிக்கலாயிற்று. எதன் மீது நமக்குக் கவலை உண்டோ அதன் மீதே கவனமும் உண்டு. தமிழில் பேணுதல் என்பதும் இவ்வாறே விரும்புதலையும் காத்தலையும் ஒருங்கே உணர்த்தும். தாய் குழந்தையைப் பேணுகிறாள் என்றால், அவள் விதிநூலைப் படித்துக் காக்கிறாள் என்பதன்று; விரும்புவதனாலேயே விழித்திருக்கிறாள் என்பது பொருள். ஆதலின் 'லாக்ஸிடி' என்பதற்கு இடம் நோக்கிப் பல சொற்களை வழங்கலாம். வடத்துக்குத் தொய்வு என்க. உடலுக்கு மடி என்க. நாவுக்குச் சோர்வு என்க. வெற்றிக் களிப்புக்குப் பொச்சாப்பு என்க. இவை யாவும் மருந்துள்ள நோய்கள், நினைவூட்டினால் திருந்துவன. அறிந்தும் விட்டுவிடும் தளர்ச்சிக்கு மட்டும் பேணாமை என்னும் பெயரை வைப்போம். பிறர் உயிர் மீது விருப்பம் இல்லாமையே அதன் வேர் என்பதை அப்பெயர் மறைக்காமற் சொல்லும்.

இவ்வாரம் வீடு திரும்பியதும் ஒவ்வொருவரும் மூன்று காரியம் செய்யுங்கள் என்று உரிமையோடு வேண்டுகிறேன். மாடிப்படியின் வழியைத் துப்புரவாக்குங்கள். சம்பின் மூடியைச் செப்பனிடுங்கள். வீட்டுப் பிள்ளையை அமர்த்தி ஒரு பக்கம் தமிழ் படிக்கச் சொல்லுங்கள். 

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்! வணக்கம்.